பெற்றோர் வீட்டை விற்கலாமா?

கடந்த சில மாதங்களாக எமக்கு வருகின்ற கடிதங்களிலே ஒரு வினா அடிக்கடி தலைகாட்டுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுதுகின்றனர், வவுனியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எழுதுகின்றனர், கடல் கடந்து வாழ்வோரும் எழுதுகின்றனர். தாயாரோ தந்தையாரோ படுக்கையிலே கிடக்கின்றார். பணிவிடைக்கு ஆள் வைத்தல் வேண்டும். அன்றேல் பராமரிப்பு இல்லம் ஒன்றிலே சேர்த்தல் வேண்டும். கையிலே பணமில்லை. இருப்பது அவர் கட்டிய வீடு ஒன்றே. அதனை விற்கலாமா?

விற்கலாம் என்பதே எமது கருத்து. முதலிலேயே இதனைச் சொல்லிவிடுகின்றோம். ஏனெனில், எழுதியவர்களிற் பலர் தாம் ஏதோ பாதகம் செய்ய எண்ணியவர்போல நடுங்கி நடுங்கி எழுதியிருக்கின்றனர். ஆனால் எப்பொழுது விற்பது, யார் கையெழுத்திட விற்பது, விற்ற பணம் யார் பெயரிலே இருப்பது என்பனவே கவனிக்க வேண்டியவை. குடும்பங்கள் பிளவுபடுவது இவற்றிலேதான்.

எங்கள் மக்களுக்கு வீடு என்பது வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று என்பதை நாம் அறியாதவரல்லேம். 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தோடியவர்களிற் பலர், தங்கள் சொந்த வளவை மீண்டும் மிதிப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தனர். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் தெருவில் இறங்கி நடந்தபோது, கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு போன தாய்மார் எத்தனை பேர்! திரும்பி வந்து கூரையற்ற சுவர்களைக் கண்டு, தாலிக்கொடியை விற்று ஓடு வாங்கியவர்களும் உளர். அத்தகைய வீட்டுக்குத் தரகர் வந்து விலை பேசுகின்றார் என்றால், பிள்ளைகளுக்கு நெஞ்சு நோவது இயல்பே. நோகாவிட்டாலன்றோ நாம் கவலைப்பட வேண்டும்.

எனினும் அந்த வீடு யாருடையது? இதனைத் தெளிந்துகொண்டால் பாதிச் சிக்கல் அவிழும். 1707 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமையைச் சட்டம் பயிலும் மாணவர்கள் அறிவர். அப்பழைய தொகுப்பிலே, பெற்றோர் உயிரோடிருக்கும் வரையில் ஆண்மக்கள் அவர்களுடைய ஆதனத்தில் எதனையும் உரிமையாகக் கேட்டல் ஆகாது என்ற விதி இருக்கின்றது. பெற்றோர் கண்மூடிய பின்னரே பிள்ளைக்கு முதுசம். ஆகவே, “எங்கள் வீடு” என்று பிள்ளைகள் சொல்வது அன்பினாற் சொல்லும் சொல்லேயன்றிச் சட்டத்தினாற் சொல்லும் சொல்லன்று. தாயின் வீடு தாயின் உடைமை. அவருடைய உடைமை அவருடைய உடம்புக்குச் செலவாவதிலே பிள்ளைகள் இழப்பது யாது? தங்களுக்கு வரக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருந்த ஒன்றையே. பலருடைய துயரத்துக்குள்ளே இந்த எண்ணமும் ஒரு மூலையில் ஒளிந்திருக்கின்றது. இதைச் சொன்னால் சிலர் எம்மீது கோபங்கொள்வர். கொள்ளட்டும்.

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றைப் பற்றிச் சொல்கின்றோம். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டோம். வலிகாமத்துக் கிராமம் ஒன்று என்ற அளவில் நின்றுவிடுவோம். தாயார் இளைப்பாறிய ஆசிரியை, எண்பதைத் தாண்டியவர். கணவர் காலஞ்சென்று பல ஆண்டுகள். நான்கு பரப்புக் காணி, நடுவிலே வீடு, பின்புறத்திலே தென்னையும் மாவும். மூத்த மகன் இலண்டனிலே, இளைய மகன் ரொறன்ரோவிலே, நடுவிற் பிறந்த மகள் அதே ஊரிலே பாடசாலை ஆசிரியை. தாயாரைப் பாரிசவாதம் தாக்கி வலப்பக்கம் விழுந்துவிட்டது. அறிவு தெளிவாகவே இருந்தது. பேச்சு மாத்திரம் சற்றே குழறியது.

ஆசுபத்திரியிலே நன்றாகவே பார்த்தார்கள். இந்நாட்டின் இலவச வைத்தியத்தைக் குறைசொல்ல எமக்கு மனம் வராது. ஆயினும் ஆசுபத்திரி நோயைத் தீர்க்கும் இடமேயன்றி நோயாளியை ஆண்டுக்கணக்கிலே வைத்துப் பேணும் இடமன்று. மூன்றாம் வாரம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினர். அதன் பின் தொடங்கியதே உண்மையான செலவு. அசையமாட்டாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வந்துவிடும். பகலிலும் புரட்டல் வேண்டும், இரவிலும் புரட்டல் வேண்டும். ஊட்டல், கழுவுதல், உடைமாற்றல், கைகாலுக்குப் பயிற்சி கொடுத்தல், இவை எல்லாவற்றையும் ஒருவர் தனித்துச் செய்ய இயலாது. பகலுக்கு ஒரு பெண்ணையும் இரவுக்கு ஒரு பெண்ணையும் அமர்த்தினர். ஓய்வூதியம் பத்தாம் திகதியோடு முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சில மாதம் வந்தது, சில மாதம் பிந்தியது. மகள் தன் சம்பளத்தின்மேற் கடன் எடுத்தாள். பின்னர் நகையை அடைவு வைத்தாள்.

வீட்டை விற்கலாம் என்று அவளே முதலிற் சொன்னாள். இலண்டனில் இருந்த தமையனாருக்குப் பொறுக்கவில்லை. “அப்பா கட்டின வீட்டை வித்துச் சாப்பிட்டதுகள் எண்டு ஊர் சொல்லாதோ?” என்று தொலைபேசியிலே கேட்டார். “ஊர் வந்து இரவிலை அம்மாவைப் புரட்டிவிடுமோ அண்ணா?” என்று தங்கை கேட்டாள். இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

இந்த இடத்திலே நாம் சற்று நிற்க விரும்புகின்றோம். எமக்கு வந்த கடிதங்களிலே, “விற்காதே” என்று தடுப்பவர்கள் பெரும்பாலும் தூரத்தில் இருப்பவர்களே. தூக்கி இருத்துபவர் வேறொருவர். அவ்வேறொருவர் அனேகமாக ஒரு மகள், அல்லது மருமகள். தூரத்தில் இருப்பவர்க்கு வீடு ஒரு நினைவு. ஆண்டுக்கொரு முறை, ஆவணியிலே நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கும்போது திறந்து கிடக்க வேண்டிய படலை அது. அந்த ஆசை குற்றமன்று. ஆனால் அந்தப் படலையைத் திறந்து வைத்திருப்பதற்கான செலவு இன்னொருத்தியின் முதுகெலும்பிலே ஏற்றப்படுகின்றதே! விற்கக் கூடாது என்பவர், விற்காமலிருப்பதற்கு மாதந்தோறும் என்ன தருவார் என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். தருவதற்கு ஆயத்தமானவருடைய சொல்லுக்கு நாமும் தலைவணங்குவோம். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணிவிடையைக் காரணங்காட்டி வீட்டை விற்று, அப்பணத்தை வாகனமாகவும் வேறு காணியாகவும் மாற்றிக்கொண்டு, தாயை ஏதோ ஒரு மூலையறைக்கு அனுப்பியவர்களையும் நாம் அறிவோம். அருகில் இருப்பவர் எல்லோரும் புண்ணியவான்கள் அல்லர்.

மேற்படி குடும்பத்தின் வாக்குவாதம் முழுவதையும் கட்டிலிற் கிடந்த தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை! ஒரு நாள் மகளை அழைத்து, குழறிய நாவினால் மெல்ல மெல்லச் சொன்னார்: “வீட்டை வில்லுங்கோ பிள்ளை. ஆனால் எனக்கு விளங்கப்படுத்தாமல் ஒரு கடுதாசியிலும் என்ரை கையைப் பிடிச்சு வைக்காதேங்கோ.” நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவர் அல்லவா? அவருக்கிருந்த அச்சம் வீடு போவதைப் பற்றியதன்று. தம்மைக் கேளாமல் அது போய்விடும் என்பதைப் பற்றியது.

அந்த அச்சத்துக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையிலே இரண்டு சாட்சிகளுடன் உறுதி எழுதப்படல் வேண்டும். கை விழுந்தவர் பெருவிரலடையாளம் வைக்கலாம், அதில் தடையில்லை. நொத்தாரிசு வீட்டுக்கே வந்து எழுதுவதும் உண்டு. ஆனால் எழுதுவது இன்னது என்று அவர் அறிந்திருத்தல் வேண்டும். அறிவு தடுமாறிய பின்னர் வாங்கிய கையெழுத்துச் செல்லாது. அப்பொழுது எழுதுவித்த அற்றோணித் தத்துவமும் செல்லாது. மறதி நோய் முற்றியவரின் ஆதனத்தைப் பராமரிப்பதற்கு மாவட்ட நீதிமன்றமே ஒருவரை நியமித்தல் வேண்டும். விற்பதற்கும் அந்நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்குச் செல்லும் காலத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பேசவேண்டியவற்றைப் பெற்றோர் நல்லறிவோடு இருக்கும்போதே பேசிவிடுவது உத்தமம். “அம்மா, நாளைக்கு நீங்கள் படுத்துவிட்டால் என்ன செய்வோம்?” என்று கேட்பது அபசகுனம் என்று எங்கள் வீடுகளிலே கருதுகின்றார்கள். கலியாணத்துக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே சீதனம் பேசுகின்ற நாங்கள், இதைப் பேசக் கூசுகின்றோம்.

சீதனம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே பல வேளைகளில் அந்த வீடு பெற்றோருடையதாகவே இருப்பதில்லை. கடைசி மகளின் கலியாணத்தன்று சீதன உறுதியிலே எழுதிக் கொடுத்தாயிற்று; பெற்றோர் பழக்கத்தினால் அங்கே தொடர்ந்து இருக்கின்றார்கள். மகள் பாரிசிலோ சிட்னியிலோ இருக்கின்றாள். அவள் விற்க உடன்பட்டாலும் போதாது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் நிலையான ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆக, மாமியாரின் மருந்துச் செலவு மருமகனாரின் பேனா முனையிலே வந்து நிற்கும். மருமகன் நல்லவராயின் குறைவில்லை. இனி எழுதிக் கொடுக்கப் போகின்றவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிள்ளைகளை நம்பாமையன்று அது. வழக்கறிந்த நொத்தாரிசு எவரும் சொல்லும் புத்திதான். நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் தெருவில் நிற்பவர்களுக்கு, 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கின்றது. பெற்றவர் பாரதூரமான நன்றியீனம் காட்டினார் என நிறுவினால், மீளாது என்று எழுதிய நன்கொடையையும் நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். ஆனால் எழுபது வயதிலே பெற்ற பிள்ளைக்கு எதிராக வழக்காடத் துணியும் பெற்றோர் எத்தனை பேர்?

தகப்பனார் மரணசாதனம் எழுதாமல் இறந்திருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. மணவாழ்விலே தேடிய தேட்டமாகிய வீட்டில், ஒரு பங்கு அவர் இறந்த அன்றே பிள்ளைகளைச் சேர்ந்துவிட்டது. தாயார் ஒருவருடைய கையெழுத்தால் முழு வீட்டையும் விற்க இயலாது. பிள்ளைகள் எல்லோரும் ஒப்பமிடல் வேண்டும். அன்றியும், தேசவழமைக்கு உட்பட்ட காணியைப் பிறருக்கு விற்குமுன் பங்காளருக்கும் உரித்தாளராகக் கூடியவருக்கும் அறிவித்து, அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அறிவியாமல் விற்றால், பின்னர் எவரேனும் வழக்கோடு வரலாம். மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் உள்ள எமது வாசகர்களுக்கு நாட்டின் பொதுச் சட்டமே உரியதாதலால் இம்முடிச்சு அவர்களுக்கு இல்லை.

அந்தக் குடும்பத்தார் செய்தது இது. முழுவதையும் ஒரேயடியாக விற்கவில்லை. பின்புறத்து இரண்டு பரப்பை முதலிலே பக்கத்து வளவுக்காரருக்கு விற்றனர். தமையனார் கொழும்பு வழியாக வந்து கையெழுத்திட்டார். இரண்டு இரவு தாயாரின் கட்டிலருகே தாமே விழித்திருந்து பார்த்தபின் அவருடைய பேச்சு மாறிவிட்டது என்று தங்கை சொன்னாள். இரண்டாண்டு கழித்து, இரவுக்கு ஆள் கிடைப்பது முற்றாக அரிதானபோது, வீட்டையும் விற்றுத் தாயாரை ஒரு பராமரிப்பு இல்லத்திலே சேர்த்தனர். கைதடியிலே அரச முதியோர் இல்லம் இருக்கின்றது; ஆயினும் அது ஆதரவற்றோர்க்கென அமைந்தது. பிள்ளைகளும் ஆதனமும் உள்ள ஒருவர் அங்கே இடம் கேட்பது முறையன்று என்று அத்தாயாரே சொல்லிவிட்டார்.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்லல் வேண்டும். வீடு விலைப்பட்ட மறுநாள் தொடங்குகின்ற ஆபத்து ஒன்றுண்டு. கணக்கைப் பாருங்கள். மாதம் 100,000 ரூபா செலவாகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 இலட்சம். வீடு 180 இலட்சத்துக்குப் போனால் 15 ஆண்டுக்குப் போதும் என்று கடதாசியிலே தெரியும். ஆனால் 2022 ஆம் ஆண்டிலே நடந்ததை நாம் மறக்கவில்லையே! அவ்வாண்டு புரட்டாதியிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, முந்திய ஆண்டைவிட விலைகள் நூற்றுக்கு 69.8 வீதம் ஏறியிருந்தன. மாசியிலே 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் வைகாசியிலே 360 ரூபாவை எட்டியது. அதற்குச் சற்று முன்னர் வீட்டை விற்றுப் பணத்தை வங்கியிலே போட்டவர்கள், மருந்துக் கடையிலே நின்று விழித்தனர். சுவரும் கூரையும் அப்படிக் கரைவதில்லை. ஆதலால், ஒரு பகுதியை விற்றுப் போதுமாயின் முழுவதையும் விற்க வேண்டாம். வாடகைக்கு விட்டு ஈடுசெய்யக்கூடிய காலம் வரையில் வாடகைக்கு விடலாம். விற்ற பணத்தை, வட்டி அதிகம் தருகின்றோம் என்று வீடு தேடி வரும் நிறுவனங்களிலே போடவே வேண்டாம். கூடிய வட்டியை நம்பி முதலையும் இழந்த முதியவர்கள் இந்நாட்டிலே கொஞ்சமல்லர். ஒரு பங்கை மூன்று மாத வைப்பிலும், ஒரு பங்கை ஆண்டு வைப்பிலுமாகப் பிரித்து வைத்தால், விலை ஏறும்போது வட்டியையும் மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அப்பணம் தாயாரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் கணக்கிலே போட்டு “அம்மாவுக்குத்தானே” என்று சொல்லிக்கொள்வது பின்னர் மனக்கசப்பையே விளைவிக்கும். எடுப்பதற்கு ஒருவரோடு இன்னொருவரும் கையொப்பமிடும்படி வங்கியிலே ஒழுங்கு செய்யலாம். செலவை ஒரு கொப்பியிலே எழுதி வைக்க வேண்டும். ஐந்து ரூபாப் பஞ்சும் அதிலே ஏறட்டும். அந்த ஆசிரியை மாதக் கடைசியிலே கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து இரு சகோதரர்களுக்கும் அனுப்பினாள். முதலில் அவர்கள் அதைப் பார்க்கவே இல்லையாம். நான்காம் மாதம் ரொறன்ரோவிலிருந்த தம்பி, “அக்கா, அம்மாவுக்கு உடுப்பு மாற்றுகின்ற செலவு இவ்வளவோ?” என்று கேட்டு, அந்த ஒரு செலவைத் தான் ஏற்றுக்கொண்டான்.

பிள்ளைகள் கைவிட்டால் என்ன செய்வது என்று சில முதியவர்களும் எழுதியிருக்கின்றனர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத்தாம் பேணமாட்டாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையாகும். அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் பெற்றோர் முறையிடலாம்; பிரதேச செயலகத்திலுள்ள சமூகசேவை உத்தியோகத்தர் வழி சொல்வார். 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேயே நாட்டு மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். இந்தக் கடிதங்கள் இனிக் கூடுமேயன்றிக் குறையா.

வவுனியாவிலிருந்து எழுதிய அன்பர், விலை பேசியாயிற்று என்றும் தந்தையாருக்கு இன்னும் சொல்லவில்லை என்றும், சொன்னால் மனமுடைந்துவிடுவார் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கின்றார். முற்பணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள். காலை வேளையிலே சொல்லுங்கள். முதியோர்க்குத் தெளிவு பெரும்பாலும் காலையிலேதான் மிகுதி. காது மந்தம் என்று எழுதியிருக்கின்றீர்கள். கட்டிலின் அருகில் இருந்து, முகத்தைப் பார்த்து, ஒருவரே பேசுங்கள். எங்கே போகப்போகின்றார், யார் எந்த நாள் வந்து பார்ப்பார்கள், எந்தப் பெட்டியையும் எந்தச் சுவாமி படத்தையும் கூட எடுத்துச் செல்லலாம் என்பவற்றையும் அப்பொழுதே சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், வாங்க வந்தவரிடம் ஒரு மாதத் தவணை கேளுங்கள்.